மஞ்சத்தலையன் பின்னிய அருவாள் பை

பனைமரம் பேசியது, குருவி சொன்னது மனுசனுக்குப் புரிந்தது, காக்காய்கூடப் பொய் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டது. இந்தத் தேரிக்காட்டுச் செம்மண்ணில் அப்படியும் ஒரு காலம் இருந்தது. நம்பாதவர்கள் பனையிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம். இப்போது அது வாயைத் திறக்காது, அது வேறு விஷயம்.

அந்தக் காலத்தில் தூக்கணாங்குருவிகளுக்குக் கூடு என்று ஒன்று கிடையாது. நெய்யத் தெரியாமல் இல்லை. நெய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. ஓலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு, அந்த நுனியைக் கவ்விக்கொண்டு ஒரே பறப்பு, நீளமாக ஒரு நார் கூடவே உரிந்து வந்துவிடும். அந்த நாரை வைத்து ஆண் குருவிகள் ஓலை நுனியில் ஊஞ்சல் கட்டும். ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கும், பக்கத்து ஊஞ்சல்காரனைப் பார்த்துக் கத்தும், பொழுது சாயும்வரை வித்தை காட்டும். முட்டை வைக்கிற இடம் மட்டும் பனைமட்டையின் இடுக்கு. அடியில் நாலு சருகு, மேலே வானம். இருக்கிற கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் விளையாட்டில் விட்டுவிட்டு வீட்டைக் கவனிக்காத ஆண்கள் குருவிகளில் மட்டுமா இருக்கிறார்கள்? சரி, அந்தப் பேச்சு நமக்கு எதற்கு.

இந்த ஊஞ்சல்காரர்களில் பெரிய வித்தைக்காரன் மஞ்சத்தலையன். உச்சந்தலையில் மஞ்சள் அரைத்துப் பூசினது மாதிரி ஒரு நிறம். அந்த நிறத்துக்கு ஏற்ற தலைக்கனமும் உண்டு. அவன் பெண்டாட்டி தவிட்டாள், தவிட்டு நிறத்தவள். வாய் அதிகம் பேச மாட்டாள். ஆனால் பேசினால் அந்தப் பேச்சு மூன்று நாளைக்குக் காதில் கிடக்கும்.

அவர்கள் குடியிருந்த பனையை ஏறுகிறவன் வெயிலுமுத்து. நல்ல மனுசன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறிப் பாளை சீவி, கலயத்தில் சேர்ந்த பதநீரை இறக்குவான். அடியில் அவன் பெண்டாட்டி சந்தனமாரி பானையோடு உட்கார்ந்திருப்பாள். வடிகட்டிக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது அவள் பாடு.

வெயிலுமுத்துவுக்கு இருந்த ஒரே கஷ்டம் சாமான்தான். பனை ஏற இரண்டு கையும் வேண்டும், இரண்டு காலும் வேண்டும். பிறகு அருவாளை எதில் பிடிப்பது? பாளை சீவுகிற அருவாளைப் பல்லில் கடித்துக்கொள்வான். மட்டை வெட்டுகிற அருவாளை முதுகுப் பக்கம் அரைக்கயிற்றில் செருகுவான். பாளையை நெரிக்கிற மரக்கிடுக்கி, அதற்குக் கடிப்பு என்று பெயர், அது குடுமியில். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டையோடு கழுத்தில். கீழேயிருந்து பார்க்கிறவர்கள் ஆள் ஏறுகிறான் என்று சொல்ல மாட்டார்கள், சந்தைக்கடை ஒன்று மரமேறுகிறது என்றுதான் சொல்வார்கள்.

வைகாசியில் ஒரு நாள் காலை, உச்சியில் இருக்கும்போது அவனுக்குத் தும்மல் வந்தது. தும்மலுக்கு முன்னால் பல் என்ன செய்யும்? அருவாள் நழுவி மட்டை இடுக்கில் விழுந்தது. அங்கே தவிட்டாளின் முட்டைகள் மூன்று இருந்தன. மூன்றும் போயின.

தவிட்டாள் மறுபடி இரண்டு முட்டை வைத்தாள். இந்தத் தடவை சிரட்டை சாய்ந்து சுண்ணாம்பு அவ்வளவும் அதன்மேல் கொட்டியது. அந்த முட்டைகள் பொரிக்கவே இல்லை.

வெயிலுமுத்து இறங்கிவந்து பனையடியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். "தங்கச்சி, நான் வேணும்னு செய்யல தங்கச்சி."

"தெரியும் அண்ணாச்சி," என்றாள் தவிட்டாள். "ஆனா அது முட்டைக்குத் தெரியலையே."

ஆனி பிறந்தது. ஒரு நாள் காலையில் மஞ்சத்தலையன் புது ஊஞ்சல் ஒன்றில் தொங்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோது தவிட்டாள் பக்கத்து ஓலையில் வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டியளா? வயித்துல முட்டை இருக்கு. இன்னையோட சேத்து நாலு நாள். அதுக்குள்ள அந்த மனுசன் அருவாளுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா நான் குளத்தங்கரைக் கருவை மரத்துக்குப் போயிருவேன்."

மஞ்சத்தலையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்க பாம்பு கெடக்குமே தாயி!"

"கெடந்துட்டுப் போவுது. பாம்பு வந்தா பறந்து தப்பிக்கலாம், இல்ல கொத்தியாவது பாக்கலாம். அருவாளைக் கொத்த முடியுமா?"

"அப்ப நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு? அங்க உங்களுக்கு ஊஞ்சல் கட்ட ஓலை ஏது?"

சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாள். மஞ்சத்தலையன் ஊஞ்சலைப் பார்த்தான். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. முதல் தடவையாக அதைப் பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அவன் நேரே கீழே இறங்கினான். வெயிலுமுத்துவும் சந்தனமாரியும் அடுப்புப் பக்கம் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு பை பின்னித் தாரேன். சாமானை எல்லாம் அதுல போட்டு இடுப்புல கட்டிக்கிட்டா, வாயில எதையும் கடிக்க வேண்டாம், கழுத்துல எதையும் மாட்ட வேண்டாம். எங்க வீடும் பொழைச்சுக்கிடும்."

வெயிலுமுத்து தொடையைத் திருப்பிக் காட்டினான். ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. "அதெல்லாம் பாத்தாச்சு தம்பி. உன் மதினி ஓலைப்பெட்டி முடைஞ்சு இடுப்புல கட்டிவிட்டா. பாதி மரம் ஏறதுக்குள்ள அருவாள் பெட்டியைக் கிழிச்சுட்டு வெளிய வந்து என்னையும் கிழிச்சுட்டு."

"கருப்பட்டி வைக்கிற பெட்டியில அருவாளை வச்சா அது சும்மா கெடக்குமா?" என்றாள் சந்தனமாரி. "ரெண்டு பெட்டி வீணாப் போனதுதான் மிச்சம்."

"மதினி, நீங்க ஒத்தை மடிப்பா முடையுதிய. நான் நூறு மடிப்புப் போட்டுப் பின்னுவேன். அருவாள் முனை உள்ள குத்தட்டுமே, வெளிய வர வழி தெரியாம நிக்கும்."

"கொழுந்தனாரே, உங்க வாய் நல்லாத்தான் பின்னுது. அலகும் அப்படிப் பின்னுமா?" சந்தனமாரிக்குச் சிரிப்பு. ஆனாலும் ஒரு யோசனை சொன்னாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. இரும்பும் சுண்ணாம்பும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது. அருவாள் முனை போயிரும். ரெண்டு அறையா வையுங்க, நடுவுல ஒரு வரப்பு வையுங்க."

மஞ்சத்தலையன் அருவாள்களை அலகால் அளந்தான். சிரட்டையைச் சுற்றிவந்து அளந்தான். கடிப்பின்மேல் உட்கார்ந்து நீளம் பார்த்தான். வெயிலுமுத்துவின் இடுப்பை அளக்கும்போது அந்த மனுசன் கூச்சம் தாங்காமல் நெளிந்தான். எல்லாம் சரியாகத்தான் அளந்தான் என்று சொல்ல வேண்டும். தப்பு அளவில் நடக்கவில்லை.

அன்றே வேலை தொடங்கிவிட்டது. காற்றுக்கு மறைவாக, மரத்தின் கிழக்குப் பக்கம் தொங்கிய ஓர் ஓலை நுனியைத் தேர்ந்தெடுத்தான். எதைக் கட்டினாலும் முதலில் ஒரு வளையம் கட்டுவது அவன் பழக்கம். வளையத்தைக் கட்டி, அதில் காலைக் கோத்துத் தலைகீழாகத் தொங்கினான். அப்படித் தொங்கினால்தான் அவனுக்கு வேலை ஓடும். ஒரு பக்கம் தொப்பை போட்ட ஓர் அறை, அருவாளுக்கு. இன்னொரு பக்கம் சின்னதாக ஓர் அறை, சுண்ணாம்புக்கு. நடுவில் வரப்பு. நார் ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளே போய் வெளியே வந்து முடிச்சு விழுந்தது. தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாத நெருக்கம்.

இரண்டாம் நாள் தவிட்டாள் வந்தாள். "ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

"முடியட்டும் தாயி. பாதியில பாத்தா அதோட அருமை தெரியாது." சுற்றிலும் இருந்த ஓலைகளை இழுத்து வைத்து மறைவுகூடக் கட்டியிருந்தான். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பனைமரமே தொண்டையைக் கனைத்தது. "ஏ குருவி, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்."

"இப்ப வேண்டாம். வேலை முடியட்டும்."

"இல்ல, அந்த வாய்..."

"வேலை முடியட்டும்னு சொல்லுதேம்லா!"

பனை பெருமூச்சு விட்டது. நூறு வருஷம் நிற்கிற மரத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அது யாருக்கும் வலியப்போய் யோசனை சொன்னதில்லை என்று கேள்வி.

மஞ்சத்தலையனுக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனமும் தோன்றியது. வாய் அகலமாக இருந்தால் ஏறும்போது சாமான் துள்ளி வெளியே விழுமே? அதனால் வாய்க்கு ஒரு முழ நீளத்துக்குக் குழாய் மாதிரி கழுத்து வைத்துப் பின்னினான். கடைசி முடிச்சைப் போட்டபோது அவனுக்குத் தன்மேலேயே காதல் வந்துவிட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மூன்று நாளாகத் தலைகீழாகவே கிடந்தவனுக்கு முதுகு மட்டுமா தெரியாமல் போயிற்று?

நாலாம் நாள் காலை வெயிலுமுத்து ஏறி வந்தான். பல்லில் அருவாள், குடுமியில் கடிப்பு, கழுத்தில் சிரட்டை. கடைசித் தடவை இப்படி என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். உச்சியில் மட்டைகளுக்கு நடுவே கால் ஊன்றி உட்கார்ந்துகொண்டான். எதிர் ஓலையில் தவிட்டாள் இருந்தாள். பக்கத்துப் பனையில் காக்காயும் இருந்தது. ஊரில் யார் வீட்டில் எது நடந்தாலும் அது வந்து உட்கார்ந்துவிடும்.

மஞ்சத்தலையன் மறைவை விலக்கினான். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அப்படி ஒரு வேலை. பச்சை நாரில் சுரைக்காய் மாதிரி உருண்டு திரண்டு, நீளமாகக் கழுத்து வைத்து, காற்றில் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது.

வெயிலுமுத்து அருவாளை வாயிலிருந்து எடுத்தான். பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "தம்பி, அழகுன்னா அழகு. ஆனா வாயைத்தான் காணோம்."

"கண்ணு தெரியலையா அண்ணாச்சி? வாய் மேலேதான இருக்கு!" வளையத்தில் தலைகீழாகத் தொங்கினபடியே மஞ்சத்தலையன் அலகால் காட்டினான். அவன் காட்டியது கீழே.

வெயிலுமுத்து குருவியைப் பார்த்தான். பையைப் பார்த்தான். மறுபடி குருவியைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் மூன்று நாள் ஆகாரம் இல்லாமல் உழைத்தவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கையைக் கீழே கொண்டுபோய், கழுத்து வழியாக அருவாளை மேலே தள்ளி, வரப்பைத் தாண்டி அறைக்குள் வைத்தான். கையை மெதுவாக எடுத்தான். அருவாள் உள்ளேயே நின்றது.

"அட!" என்றான் வெயிலுமுத்து. "நிக்கே!"

அப்போது பார்த்து ஆனிக் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. பை சாய்ந்தது. அருவாள் வரப்பில் ஏறி, கழுத்தில் சறுக்கி, வாய் வழியே வெளியே வந்து, நேரே கீழே போனது.

கீழே டமார் என்று ஒரு சத்தம். பிறகு சந்தனமாரியின் குரல். "ஐயோ! எனக்குப் பாடை கட்டவா பை பின்னுனிய கொழுந்தனாரே?"

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பதநீர்ப் பானை உடைந்து கிடந்தது. மற்றப் பனைகளில் இறக்கியிருந்த காலைப் பதநீர் அவ்வளவையும் செம்மண் குடித்துவிட்டது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை.

காக்காய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "வாய் எங்க இருக்குன்னு தெரியாதவன் பை பின்னுதானாம் பை!"

மஞ்சத்தலையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கீழ எப்படிப் போச்சு? வாய் மேலதான இருக்கு?"

"தம்பி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத," என்றான் வெயிலுமுத்து. "உனக்கு மேலேன்னா எது?"

"இது என்ன கேள்வி? தலை இருக்கிற பக்கம்."

"வேலை பாக்கும்போது உன் தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

மஞ்சத்தலையன் பதில் சொல்ல வாயெடுத்தான். வளையத்தில் கோத்திருந்த தன் காலைப் பார்த்தான். கால் வானத்தின் பக்கம் இருந்தது. தலை செம்மண்ணின் பக்கம் இருந்தது. காலை மெல்ல எடுத்து, ஓலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வெட்கம் அவன் பட்டதில்லை. எதிர் ஓலையை நிமிர்ந்து பார்த்தான்.

தவிட்டாளைக் காணோம்.

குளத்தங்கரைப் பக்கம் பார்த்தான். வெயில் பளபளத்தது. ஒரு சிறகும் கண்ணுக்குத் தெரியவில்லை. போய்விட்டாள். சொன்னபடி நாலு நாள் பொறுத்தாள், போய்விட்டாள். இனி அவள் முள்ளில் முட்டை வைப்பாள், பாம்பு வரும், தான் இங்கே ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வித்தைக்காரன் என்ற நினைப்பெல்லாம் போய், மஞ்சத்தலையன் ஓலையில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதான்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்வே, அழாத," என்று வெயிலுமுத்து அவன் முதுகை ஒரு விரலால் தடவிக்கொடுத்தான்.

கீழே சந்தனமாரிக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அண்ணாந்து பார்த்துக் கத்தினாள். "ஏங்க! அதுக்கு எதுக்கு ஒப்பாரி? அந்த ஓலை நுனியை வெட்டிப் பையை எடுத்துட்டு வாங்க. தலைகீழாப் புரட்டி இடுப்புல கட்டினா வாய் தன்னால மேல வந்துட்டுப் போவுது! பின்னல் நல்ல கெட்டியாத்தான இருக்கு?"

அட, ஆமாம்! மஞ்சத்தலையன் தலையைத் தூக்கினான். இவ்வளவுதானா விஷயம்? புரட்டிக் கட்டினால் பை ஆயிற்று. பை ஆனால் அருவாள் விழாது. உடனே குளத்துக்குப் பறந்துபோய்த் தவிட்டாளைக் கையோடு கூட்டி வந்துவிடலாம். இன்னும் பொழுது இருக்கிறது.

"வெட்டுங்க அண்ணாச்சி! சீக்கிரம் வெட்டுங்க!"

வெயிலுமுத்து அரைக்கயிற்றிலிருந்து மட்டை அருவாளை உருவினான். ஓலை நுனியை இடதுகையால் பிடித்தான். அருவாளை ஓங்கினான்.

"வெட்டிராதிய!"

சத்தம் பைக்குள்ளிருந்து வந்தது. வெயிலுமுத்துவின் கை அந்தரத்தில் நின்றது. பையின் கழுத்து கொஞ்சம் அசைந்தது. கீழே இருந்த வாய் வழியாகத் தவிட்டு நிறத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

மஞ்சத்தலையன் தாவி வந்து பையைப் பிடித்துக்கொண்டான். "நீ... குளத்துக்குப் போகலையா?"

"எங்க போறது? நாலு நாள்னு சொன்னேம்லா. முட்டை இன்னைக்குத்தான் வரும்னு நின்னுச்சு. நீங்க எல்லாரும் கீழ பாத்துக்கிட்டு நின்னிய. நான் உள்ள பூந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "வச்சாச்சு. ஒண்ணு," என்றாள்.

"அருவாளுக்குப் பின்னுன அறையிலயா?"

"ஆமா. அருவாள் விழுந்துச்சே, அப்ப நான் ஒரு விஷயம் பாத்தேன். உள்ள இருக்கிறது கீழ விழலாம். ஆனா மேலேருந்து விழுறது எதுவும் இதுக்குள்ள வர வழி இல்ல. முதுகு மூடிக் கெடக்கு. அருவாள் விழுந்தாலும் வழுக்கிட்டுப் போயிரும், சுண்ணாம்பு கொட்டினாலும் வழிஞ்சுட்டுப் போயிரும்."

"முட்டை உருண்டு விழுந்துட்டா?"

"நடுவுல வரப்பு இருக்கே. அருவாள் கனத்துக்குத்தான் அது பத்தல. முட்டைக்குப் போதும்."

மஞ்சத்தலையன் ஓங்கின அருவாளைப் பார்த்தான். தவிட்டாள் கத்த ஒரு நொடி பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெட்டு வெட்டு என்று அவசரப்படுத்தினது அவன் வாய்தானே?

"ஏங்க! வெட்டியாச்சா?" என்று கீழேயிருந்து சந்தனமாரி கேட்டாள்.

வெயிலுமுத்து ஓங்கின அருவாளோடு உட்கார்ந்திருந்தான். காலைப் பதநீர் மண்ணில் போய்விட்டது. பானை உடைந்துவிட்டது. சாயங்காலம் மறுபடி ஏற வேண்டும், அருவாளை மறுபடி பல்லில் கடிக்க வேண்டும். கைக்கு எட்டுகிற தூரத்தில் பை தொங்குகிறது, அதுவும் அவனுக்கென்று பின்னிய பை. ஒரு வெட்டுத்தான். முட்டையைப் பத்திரமாக எடுத்து மட்டை இடுக்கில் வைத்துவிட்டால் போதாதா? அப்படியும் ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று பொய் சொல்லக் கூடாது.

அவன் அருவாளை மறுபடி அரைக்கயிற்றில் செருகிக்கொண்டான்.

"வெட்டலட்டி," என்று கீழே பார்த்துச் சொன்னான். "பையில ஆள் குடிவந்தாச்சு."

"என்னது?"

"தங்கச்சி உள்ள முட்டை வச்சிருக்கா. தெரியாம ரெண்டு தடவை அழிச்சேன். தெரிஞ்சே என் கையால மூணாவது தடவை செய்ய மாட்டேன். அருவாளுக்கு வேற வழி பாப்போம்."

சந்தனமாரி கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். திட்டப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அண்ணாந்து பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு அறை. நடுவில் வரப்பு. கழுத்து. அப்புறம் குனிந்து, பனையடியில் காய்ந்து கிடந்த மட்டை ஒன்றைப் புரட்டினாள். அதன் அடிப்பக்கம் அகலமாக, குழிவாக, பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. உடைந்த பானைக்குப் பக்கத்தில் கிடந்த அருவாளை எடுத்து அதைக் குத்திப் பார்த்தாள். முனை இறங்கவில்லை.

"கொழுந்தனாரே!" என்று கூப்பிட்டாள். "அழுதது போதும், இறங்கி வாங்க. தைக்க ஆள் வேணும்."

மட்டையை நீளவாக்கில் நறுக்கி, துண்டுகளைப் பெட்டி மாதிரிக் கூட்டி நிறுத்தி, அடியை மூடினாள். மஞ்சத்தலையன் நாரால் தைத்தான். இரண்டு தையல் போட்டதும் பழக்க தோஷம், மட்டையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கப் பார்த்தான்.

"ம்ஹூம்! நிமிந்து நின்னு தையுங்க," என்று சந்தனமாரி ஓர் அதட்டல் போட்டாள். பாவம், கால் வலிக்க வலிக்க நிமிர்ந்து நின்றே தைத்து முடித்தான். ஒவ்வொரு தையலுக்கும், "மதினி, மேலேங்கிறது இந்தப் பக்கம்தான?" என்று கேட்டுக்கொண்டான். அவளும் சலிக்காமல், "அந்தப் பக்கம்தான், வானம் இருக்கிற பக்கம்," என்றாள்.

உள்ளே இரண்டு அறை வைத்தார்கள். ஒன்றில் அருவாளும் கடிப்பும், இன்னொன்றில் சுண்ணாம்பு. வாய் மேலே. கழுத்து வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் வெயிலுமுத்து அந்தப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினான். அரை மரம் ஏறினதும் நின்றான். "என்னங்க, என்ன ஆச்சு?" என்று சந்தனமாரி பதறினாள்.

"ஒண்ணும் இல்லட்டி. ஏறும்போதே பேச முடியுதான்னு பாத்தேன். பேச முடியுது!"

அதற்குப் பிறகு அவன் வாய் மூடவே இல்லை. உச்சிக்குப் போகிறவரை பேசினான், பாளை சீவும்போது பேசினான், கலயத்தில் சுண்ணாம்பு தடவும்போது ஒரு பாட்டுக்கூடப் பாடினான். இத்தனை வருஷம் பல்லில் இரும்பைக் கடித்துக்கொண்டு எவ்வளவு பேச்சை விழுங்கியிருப்பான்! அருவாளைப் பெட்டியில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். ஒன்றும் விழவில்லை. தவிட்டாள் இருந்த ஓலைக்குப் பக்கத்தில் வந்ததும் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

தவிட்டாள் மறுநாள் ஒன்று, அதற்கு மறுநாள் ஒன்று என்று இன்னும் இரண்டு முட்டை வைத்தாள். காக்காய் ஒரு தடவை வந்து பார்த்தது. பையின்மேல் உட்கார்ந்து குத்தியது, நாரில் அலகு மாட்டிக்கொண்டது. பக்கவாட்டில் தேடியது, வழி இல்லை. வாய் கீழே இருக்கும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. மஞ்சத்தலையனைப் பார்த்துச் சிரித்த காக்காய்தான். அலகை இழுத்துப் பிடுங்கிக்கொண்டு போனது.

ஆடி பிறந்து காற்று வேகமெடுத்தது. பை ஊசலாடியது.

"முட்டை ஒண்ணோட ஒண்ணு முட்டுது. களிமண் கொண்டு வாங்க," என்றாள் தவிட்டாள். மஞ்சத்தலையன் குளத்துக்கும் பனைக்குமாகப் பறந்து, அலகில் ஈரமண் கொண்டுவந்து உள்சுவரில் அப்பினான். கனம் ஏறியதும் ஆட்டம் குறைந்தது. அவன் அந்த மாதம் ஓர் ஊஞ்சல்கூடக் கட்டவில்லை. நேரமும் இல்லை, ஆசையும் இல்லை.

முட்டை பொரித்தது. மூன்று குஞ்சுகள். மூன்றும் கழுத்துக் குழாய் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு கத்தின கத்தலில் வெயிலுமுத்துவின் பாட்டே கேட்கவில்லை. அவன் அந்த ஓலையைத் தொடாமல் சுற்றிப்போய் வேலை பார்த்தான். ஆடிக்கு மட்டை கழிக்கும்போதுகூட அதை விட்டுவிட்டான்.

குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்த அன்று மஞ்சத்தலையன் பெண்டாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நெடுநாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது, பயமாகவும் இருந்தது.

"நான் கட்டுனது... நல்லா இருக்கா தாயி?"

தவிட்டாள் குஞ்சுகளைப் பார்த்தாள். கூட்டைப் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். அவனுக்கு இறக்கை இல்லாமலே பறக்கலாம் போல இருந்தது. அவள் முடிக்கவில்லை. "ஆனா அடுத்த தடவை மறைவு எல்லாம் கட்ட வேண்டாம். பாதியிலயே என்னைக் கூப்பிட்டுக் காட்டணும். அருவாளுக்குப் பின்னுனதுல நான் வந்து ஒண்டிக்கிட்டேன். எனக்குன்னு பின்னும்போது என்னைக் கேக்க வேண்டாமா?"

"கேக்கணும்," என்றான் மஞ்சத்தலையன். "கேக்கேன்."

சொன்ன சொல்லை அவன் மாற்றவில்லை, அவன் வம்சமும் மாற்றவில்லை. அந்த ஆனி மாதம் தொட்டுத்தான் பனையேறி அருவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய் நிறையப் பேசிக்கொண்டு மரமேறுகிறான், குருவி குடியிருக்கிற ஓலையில் அருவாள் வைக்க மாட்டேன் என்கிறான். ஆண் தூக்கணாங்குருவியும் அந்த மாதம் தொட்டுத்தான், எவ்வளவு பெரிய வித்தைக்காரனாக இருந்தாலும் கூட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, பெண்டாட்டி வந்து உள்ளே புகுந்து பார்த்துச் சரி என்று ஒரு வார்த்தை சொல்கிறவரை மேற்கொண்டு ஒரு நார் பின்னாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.